முள்ளுக்குப் பல் கிடையாது

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வுப் பிரிவில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது, என் பொறுப்பில் விடப்பட்ட முதல் பொருள் ஒரு கண்ணாடி ஜாடி. டீக்கடையில் பொறையும் பட்டர் பிஸ்கட்டும் போட்டு வைத்திருப்பார்களே, அதே ஜாடிதான். சில கிருமிகளுக்கு வெளிக்காற்று அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. நாம் மூச்சாக வெளியே விடுகிற காற்றுதான் அவற்றுக்குப் பிடிக்கும். அதற்கென்று பெரிய ஊர்களில் கருவிகள் இருப்பதாகக் கேள்வி. எங்களுக்கு இந்த ஜாடி. நோயாளியின் சீழைத் தடவிய பிளேட்டுகளை உள்ளே அடுக்கி, மேலே ஒரு துண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, விளிம்பில் வாஸ்லின் தடவி மூடியை இறுக்குவேன். சுடர் சிறிது நேரம் நிமிர்ந்து நிற்கும். பிறகு நீலமாகி, சுருங்கி, தானாகவே அணைந்துவிடும். அதன்பின் ஜாடியை அப்படியே சூட்டுப் பெட்டிக்குள் தூக்கி வைக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. அந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். எங்கள் பூர்வீகம் பேரையூர்ப் பக்கம், மழை பெய்தால்தான் பருத்தி என்கிற மானாவாரி ஊர். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறாள் என்றால் சும்மாவா? பெருமைக்குக் காரணம் நானல்ல, என் அண்ணன். அப்பா போன பிறகு அம்மாவையும் அக்காவையும் என்னையும் மதுரைக்குக் கூட்டி வந்து, ஒரு தையல் கடையில் பொத்தானுக்குக் காஜா போடுவதில் ஆரம்பித்து, கட்டிங் மாஸ்டராக உயர்ந்தவர். கடையில் தைக்கிறவர்கள் பலர், வெட்டுகிறவர் அவர் ஒருவர்தான். சாக்குக் கட்டியால் கோடு இழுத்துவிட்டுக் கத்தரியை வைத்தாரென்றால் துணி முடிகிற இடத்தில்தான் கை நிற்கும். அந்தக் கைதான் அக்காவை ஊர்ப்பக்கம் கட்டிக்கொடுத்தது, என்னைப் படிக்க வைத்தது. தனக்குக் கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால் மட்டும், "மொதல்ல இவ வாயை அடக்க ஒருத்தன் கெடைக்கட்டும்" என்று என்னைக் காட்டி நழுவிவிடுவார்.

அக்காவுக்கு ஆண் குழந்தை. காதுகுத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. மொட்டை அடிக்கும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். பெற்ற தகப்பனே ஆனாலும் தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான். அதைப் பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

கருவேல முள் குத்திவிட்டது என்றார். நடுவிரல் தொடங்குகிற முட்டியின் மேல் ஒரு சின்னக் கீறல். எள் அளவுகூட இருக்காது. உள்ளங்கையில் வேறு ஒரு கருகல் இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, சாமிக்குச் சூடம் காட்டும்போது பட்டுவிட்டது என்றார். கத்தரி பிடிக்கிற கைக்குச் சூடத்தட்டு பிடிக்கத் தெரியவில்லையே என்று நான் கேலி செய்தேன். அண்ணன் வழக்கமாகத் திருப்பி ஒரு போடு போடுவார். அன்று நேரே போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டாள். மறுநாள் ஊரிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு செய்தியும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வீட்டுக்காரருக்கு ஆயில் இன்ஜின் ஹேண்டில் திருப்பி அடித்து உதடு கிழிந்து முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டதாம். இன்ஜின் ஹேண்டில் அப்படி அடிக்கக்கூடியதுதான், ஊரில் பல பேருக்கு அடித்திருக்கிறது. அம்மா ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கண்ணேறு கழித்தாள். ஒரே நாளில் மாமனுக்கும் மச்சானுக்கும் கிரகம் சரியில்லாமல் போயிற்றே என்று நானும் சிரித்து வைத்தேன்.

கை வீங்கியது. முதலில் முட்டி, பிறகு புறங்கை முழுக்க. கத்தரியின் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. பிறகு காய்ச்சல். நான் பிடிவாதமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போனேன். டாக்டரிடமும் அண்ணன் முள் என்றுதான் சொன்னார். முள் குத்திச் சீழ் பிடித்தால் கொடுக்க வேண்டிய மாத்திரையைத்தான் அவர்களும் கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லாரும் நம்பிய கிளாக்ஸசிலின். எக்ஸ்ரேயில் முள் எதுவும் தெரியவில்லை. மாத்திரைக்கு வீக்கம் மசியவில்லை. வார்டில் சேர்த்தார்கள், கையை ஒரு கம்பியில் தூக்கிக் கட்டினார்கள். அறுவை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் அங்கேயே வேலை பார்ப்பவள் என்பதால் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். சீழ் மூட்டுக்குள் இறங்கிவிட்டது, மருந்து கேட்காவிட்டால் நடுவிரலை எடுக்க வேண்டி வரும், அதோடு நிற்குமா என்பதையும் இப்போது சொல்ல முடியாது என்றார்.

நடுவிரல் போனால் கத்தரி போயிற்று. அண்ணனிடம் மெதுவாகச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான், காதுகுத்துக்குள் ஆறிவிடுமா என்று. பிள்ளையைப் பிடிக்க ஒரு கை போதும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய இன்னொரு கையையும் உடைத்திருப்பேன்.

முட்டியிலிருந்து எடுத்த சீழ் எங்கள் அறைக்குத்தான் வந்தது. அதைப் பிளேட்டில் தடவும் முன் சீட்டிலிருந்த பேரை இரண்டு தடவை படித்தேன். எத்தனையோ பேருடைய சீழைத் தடவியிருக்கிறேன், பேர்கூடப் பார்த்ததில்லை. ஆட்டு ரத்தம் கலந்து உறைய வைத்த சிவப்பு அகர் கூழ் அது, கிருமிகளுக்கு அதுதான் சோறு. அதன்மேல் கம்பிச் சுருளால் முன்னும் பின்னும் இழுத்து, ஜாடிக்குள் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. எங்கள் அறையில் வேலை குவியும், ஒன்றும் வளராத பிளேட்டை எழுதி முடித்துவிட்டுக் கழுவப் போடுவதுதான் வழக்கம். எனக்கு மனம் வரவில்லை. புதிதாக ஒரு மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றி மறுபடியும் உள்ளே வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே செய்தேன்.

அதற்கடுத்த காலையில் ஜாடியின் மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. மதுரைக்காரர்களுக்கு அந்த வாடையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சித்திரைத் திருவிழா வந்தால் மாநகராட்சி தெருவெல்லாம் கோலம் போட்டது போல் அதைத்தான் தூவி வைக்கும். தரையைத் துடைக்கிற ஆயாதான் பவுடரை அளவில்லாமல் போட்டுவிட்டாள் என்று நினைத்து வாசலை எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் அப்போதுதான் வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தாள், வாளியையே இன்னும் தொடவில்லை என்றாள். நான் பிளேட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோனேன். வாடை அதிலிருந்துதான் வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பிளேட்டைச் சாய்த்துப் பார்த்தேன். சிவப்பு அகரின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கிருமிக் கூட்டங்கள். எல்லாக் கிருமியும் அகரின் மேல் திட்டாக உட்கார்ந்திருக்கும். இவை அகருக்குள் இறங்கியிருந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்னக் குழி. ஊரில் மணலில் குழியானைப் பூச்சி பறித்து வைத்திருக்குமே, அதைப் போல. குழியின் நடுவில் அந்த உயிர் பளபளவென்று அமர்ந்திருந்தது. எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. பயமும்தான், ஆனால் பயத்தைவிட ஆச்சரியம்தான் பெரிது. என் அண்ணனின் விரலுக்குள்ளும் இது இப்படித்தான் குழி பறித்துக்கொண்டிருக்கிறதா?

எங்கள் பிரிவின் டாக்டரம்மா வந்ததும் காட்டினேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மோந்து பார்த்தார். கம்பி நுனியால் ஒரு புள்ளியைத் தள்ளிவிட்டார். புள்ளி நகர்ந்தது, குழி அப்படியே இருந்தது. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தது. பிறகு அலமாரியிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்து, நாற்காலியில்கூட உட்காராமல் நின்றபடியே புரட்டினார். நானும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஐக்கெனெல்லா கொரோடன்ஸ் என்று பெயர் போட்டிருந்தது. பெயரின் பின்பாதிக்கு அரித்துத் தின்பது என்று பொருளாம். அவரும் அதைப் படித்திருக்கிறாரே ஒழிய, கண்ணால் பார்த்ததில்லை. இரண்டு பேரும் மாறி மாறி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம். டீ ஆறிப்போனது.

அது எங்கே குடியிருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். மனிதனின் வாயில். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில். பல் முளைத்த யார் வாயிலும் இருக்கலாம், வாழ்நாள் முழுக்க இருந்தாலும் ஒரு தொந்தரவும் தராது. ஆனால் இருந்த இடத்தைவிட்டு வேறிடத்துக்குப் போக ஒரு வழி கிடைத்தால் அதன் குணமே மாறிவிடும். ஈறிலிருந்து ரத்தத்தில் ஏறி, ஏற்கெனவே பழுதான இதய வால்வில் போய்க் குடியேறியிருக்கிறதாம். மூளையில் சீழ்க்கட்டி வைத்திருக்கிறதாம். எலும்பை அரித்திருக்கிறதாம். நாம் சோறு தின்கிற, சாமி பேர் சொல்கிற, சண்டை போடுகிற வாயில் இப்படி ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று நான் என் நாக்கால் என் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அண்ணனின் கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

"முள் குத்துச்சுன்னு எழுதியிருக்கே?"

"ஆமா மேடம். கருவேல முள்."

"முள்ளுக்குப் பல் கிடையாதேம்மா."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாதாடினேன். தையல்காரர்களுக்கு எச்சில் தொடாமல் வேலை ஓடாது, நூலை வாயில் ஈரப்படுத்துவார்கள், முள் குத்தினாலும் விரலை வாயில் வைத்துச் சப்புவார்கள், அப்படிப் போயிருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்று அவரும் தலையாட்டினார். காயம் சரியாக எந்த இடத்தில் என்று கேட்டார். நான் தொட்டுக் காட்டினேன். அவர் தன் கையை மடக்கிக் குத்துவது போல் வைத்து, நடுவிரல் முட்டியைத் தன் முன்பல்லில் மெல்லப் பொருத்தினார். நான் தொட்டுக் காட்டிய அதே இடம்.

பிறகு முட்டியை மடக்கியும் நீட்டியும் விளக்கினார். மடக்கிய கையில் பல் படும்போது தோலும் நரம்பும் இழுபட்டு, மூட்டு மேலே வந்து நிற்கும். ஓட்டை நேராக உள்ளே போகும். கையை விரித்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு நழுவி ஓட்டையை மூடிக்கொள்ளும். வெளியே ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே போனது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அங்கே காற்றும் அதிகம் கிடையாது.

"உங்க ஜாடிக்குள்ள என்ன காத்து இருக்கோ, அதுதான் உங்க அண்ணன் முட்டிக்குள்ளயும் இருக்கு," என்றார்.

எனக்கு அப்போது உடைந்த முன்பல் நினைவுக்கு வந்தது. ஆயில் இன்ஜின் ஹேண்டில். அதே ஞாயிற்றுக்கிழமை. அதோடு உள்ளங்கையில் இருந்த கருகல். எங்கள் பக்கத்தில் சத்தியம் செய்வதென்றால் வாயால் சொல்வதோடு விடமாட்டார்கள். சாமிக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவன் வாக்கு மாறினால் குடும்பத்துக்கு ஆகாது. கோயிலில் சூடம் காட்டுகிறவனுக்கு விரல் நுனி சுடும், உள்ளங்கை சுடாது. இதைக்கூட யோசிக்காமல் கேலி பேசியிருக்கிறேன்.

வார்டுக்குப் போனேன். அண்ணன் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். தூக்கிக் கட்டிய கை பலூனாக இருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு மட்டும் இரு," என்றேன்.

முள் இல்லை, பல் என்றேன். யாருடைய பல் என்றும் சொன்னேன். சூடத்தையும் சொன்னேன். அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"யாரு சொன்னா? ஒங்கக்காவா?"

"யாரும் சொல்லல. ஒன் கையில எடுத்த சீழுதான் சொல்லுச்சு. மாமா வாயில இருந்தது ஒன் முட்டிக்குள்ள ஒக்காந்திருக்கு."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னதா இருக்கக் கூடாது ஆத்தா. அவனும் சூடம் அணைச்சிருக்கான். நான் வாக்கு மாறுனா அவன் வாக்கும் செல்லாமப் போயிரும். வெரலு போனாப் போகுது."

முழுக்கதையை அக்கா பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று அண்ணன் அக்கா வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் அவள் வீட்டுக்காரர் அவளை அறைந்திருக்கிறார். சோறு போடத் தாமதமாம். அது முதல் அறையும் இல்லையாம். அண்ணன் விட்டது ஒரே ஒரு குத்து. பல் உடைந்து ரத்தம் கொட்ட, அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்திருக்கிறாள். விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஊர் கூடும், அவள் பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வர வேண்டியதுதான். அவள்தான் உள்ளே போய்ச் சூடத்தை எடுத்து வந்து சாமி படத்துக்கு முன்னால் ஏற்றியிருக்கிறாள். இனி அவள்மேல் கை வைப்பதில்லை என்று வீட்டுக்காரர் அணைத்தார். நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை என்று அண்ணன் அணைத்தார். ஒன்றை நம்பித்தான் மற்றது. அண்ணன் அணைத்தது அந்த வலது கையால்தான், முட்டியில் பல் பதிந்த கொஞ்ச நேரத்தில்.

இதெல்லாம் அன்று தெரியாவிட்டாலும், அவர் சொன்ன நாலு வாக்கியமே எனக்குப் போதுமாயிருந்தது; அக்காமேல் அடி விழுந்தாலொழிய அண்ணன் கை ஓங்குகிறவர் இல்லை. அக்காமேல் ஓர் அடி விழாமலிருக்க விரலைக் கொடுத்துவிடலாம் என்று இந்த மனுஷன் கணக்குப் போட்டுப் படுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"நீ சொல்லலண்ணே. அந்தக் கிருமி சொல்லுச்சு. அது எந்தச் சூடத்தையும் அணைக்கல," என்றேன்.

அண்ணன் அதை நெடுநேரம் யோசித்தார். சாமி இதை ஒத்துக்கொள்ளுமா என்று சட்டம் பார்க்கிற முகம். கடைசியில், டாக்டரிடம் நானே சொல்லிக்கொள்ளலாம் என்றும், தான் அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அறுவை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். யார், எவர் என்பதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அண்ணன் அவ்வளவு நேரமும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறவன் யாரும் அப்படி முகத்தைச் சுருக்கமாட்டான்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மயக்கம் கொடுத்துக் கையைக் குத்துவது போல் மடக்கி வைத்துப் பார்த்தபோதுதான், தோலுக்கு அடியில் மறைந்திருந்த வழி மூட்டுவரை தெரிந்ததாம். மூட்டைத் திறந்து கழுவினார்கள். இதற்குள் டாக்டரம்மா அந்தக் கிருமியை ஒரு பிளேட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த வட்டக் காகிதங்களை வைத்திருந்தார். ஜாடியைத் திறந்து நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கிளாக்ஸசிலின் காகிதத்தை ஒட்டி, அப்படி ஒன்று இருப்பதையே சட்டை செய்யாமல், கிருமி வளர்ந்திருந்தது. பழைய பென்சிலின் காகிதத்தைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம், ஒரு புள்ளிகூட இல்லை. ஊரெல்லாம் பழசென்று ஒதுக்க ஆரம்பித்திருந்த மருந்து அது. முள் என்று நம்பிக்கொண்டிருந்தவரை யாரும் அதைக் கொடுக்கப் போவதில்லை.

பென்சிலின் ஊசி போடப் போடக் காய்ச்சல் இறங்கியது. பிறகு வீக்கம் வடிந்து, அண்ணனின் புறங்கையில் நரம்புகள் மறுபடி தெரிய ஆரம்பித்தன. அந்த நரம்புகளைப் பார்த்து அம்மா அழுதாள். அவளுக்கு அப்போதும் முள்தான். இன்றுவரை கருவேல மரத்தைத் திட்டாமல் அவள் பேரையூர் ரோட்டில் போனதில்லை.

எனக்கும் டாக்டரம்மாவுக்கும் அந்தக் கிருமிமேல் ஒரு பித்துப் பிடித்துவிட்டது. ஒரு மதியம் யாருமில்லாதபோது எங்கள் இரண்டு பேருடைய ஈறு ஓரத்திலும் பஞ்சால் தடவி எடுத்து, பிளேட்டில் போட்டு, ஜாடிக்குள் வைத்தோம். அவருடையதில் என்னென்னவோ வளர்ந்தது, அது மட்டும் இல்லை. என்னுடையதில், மற்ற கூட்டத்துக்கு நடுவே ஓர் ஓரமாக, மூன்று குழிகள். தனியே பிரித்து வளர்த்தபோது அதே வாடை. என் வாய் பொல்லாதது என்று ஊரில் பேசிக்கொள்வது வழக்கம், அதற்கு இப்போது ஆய்வகச் சான்றும் கிடைத்துவிட்டது. சிரித்துவிட்டேனே தவிர, அந்த மூன்று குழிகளையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வயதில் வந்து சேர்ந்ததோ, நான் தின்றதைத் தின்று, நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு இத்தனை வருஷம் என்னோடு இருந்திருக்கிறது. எனக்கு அது கெட்டதாகத் தோன்றவில்லை. அதன் வீடு பல்லிடுக்கு, நாம்தான் ஒரு கோபத்தில் அதைத் தூக்கி மூட்டுக்குள் போட்டோம். போட்ட இடத்தில் பிழைத்துக்கொண்டது. இவ்வளவு சிறிய உயிருக்குள் இவ்வளவு பொறுமையும் இவ்வளவு பலமும் இருப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கும்பிடத் தோன்றும்.

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர் உதட்டில் தையல் போட்ட தடம். பேசாத நேரமெல்லாம் வாயை மறைத்துத் துண்டு. கட்டிலின் கால்மாட்டில் நின்று அண்ணனின் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முள்ளு குத்திருச்சு மாப்ள," என்றார் அண்ணன்.

"எனக்கும் ஹேண்டில் தட்டிருச்சு மச்சான்," என்றார் அவர்.

இரண்டு பேரும் அத்தோடு பருத்தி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா தலையைக் குனிந்து பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். போகும்போது அவர் என்னை வராந்தாவில் நிறுத்தி, கை எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பல்லிடுக்கில் இருக்கிற கிருமி மாமா, யார் வாயிலும் இருக்கக்கூடியதுதான், காயத்துக்குள் போனால் எலும்புவரை அரித்துவிடும் என்றேன். அவர் கை தன்னால் வாய்க்குப் போனது. பஸ் ஸ்டாண்டு போகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை என்று அக்கா பின்னால் சொன்னாள்.

காதுகுத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அண்ணனின் விரல் பிழைத்தது, முழுக்க மடங்கவில்லை. கத்தரியின் வளையத்தில் துணி சுற்றி, மோதிர விரலைக் கொண்டு வெட்டப் பழகிக்கொண்டார். கோடு முன்போலவே நேராகத்தான் போனது. அக்காவின் வீட்டிலும் சூடம் அணைத்த வாக்கு நின்றது. அதை அக்காவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிந்தது.

குலசாமி கோயிலில், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தான். அதற்குள் மேலே இரண்டு கீழே இரண்டு என்று பல் முளைத்துவிட்டது. ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவன் வீறிட்டு, கைக்குக் கிடைத்த அண்ணனின் வலது கையை இழுத்து வாயில் வைத்துக் கடித்தான். சரியாக அந்த முட்டியில், அந்தத் தழும்பின் மேல். நான் எழப்போனேன். புதுப்பல் முளைத்த அந்த வாயில் என்ன குடிவந்திருக்கும், இல்லையென்றாலும் இனி என்ன குடிவரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

எனக்கு முன்னால் இன்னொருவர் எழுந்துவிட்டார். தகப்பன் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்ற முறையையும் மறந்து, அக்கா வீட்டுக்காரர் வந்து குனிந்து, பிள்ளையின் வாயிலிருந்து அண்ணனின் கையை மெல்ல விடுவித்தார். தோல் கிழியவில்லை, எச்சில் மட்டும் வழிந்திருந்தது. தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து அதைத் துடைத்தார்.

"விடு மாப்ள. பல்லு மொளச்ச பிள்ள கடிக்கத்தான் செய்யும்," என்றார் அண்ணன்.

அவர் விடவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் மச்சானின் காலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, துண்டின் காய்ந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பி, அந்தத் தழும்பில் ஈரம் போகும்வரை துடைத்தார்.